கண்ணைத் தேடும் சதுரம்

கேமராவைக் கையில் வாங்கும்போதே எனக்கு உள்ளூர நடுக்கம். கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, புதிதாக வாங்கிய அதை வேலூரிலிருந்து கொண்டு வந்திருந்தான். முன்னால் பூட்டியிருந்த ஜூம் லென்ஸ் ஒரு சுரைக்காய் நீளம் இருந்தது. கைக்குழந்தையை வாங்குவதுபோல் அடியில் ஒரு கையும் மேலே ஒரு கையும் கொடுத்து வாங்கினேன்.

"இன்னா மாமா, இப்படி நடுங்குறீங்க? அது ஒண்ணும் கடிச்சிடாது. சாயந்திரம் வரைக்கும் வச்சிப் பாருங்க. நான் டவுனுக்குப் போய் இன்னொரு பேட்டரி வாங்கினு வந்துடறேன். மாடியில குரங்கு வரும், வாரை மட்டும் கழுத்துலேர்ந்து கழட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவனுக்கு என்ன, தைரியசாலி. நான் திருவண்ணாமலை டவுனில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துப் பிழைக்கிறவன். என் கடையில் ஸ்டூலுக்கும் கேமராவுக்கும் இடையே உள்ள தூரம் இத்தனை வருஷத்தில் மாறியதே இல்லை. "தாடையை இறக்குங்க, கண்ணை மூடாதீங்க." தொழிலில் நான் பேசும் வசனம் இவ்வளவுதான். காது தெரிய வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், முகம் நேராக இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு கலையை நான் ஆசைப்பட்டதும் இல்லை. பௌர்ணமி அன்று பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள், பாஸ்போர்ட் படத்துக்கு ஆள் வராது. கடையைச் சாத்திவிட்டு அடி அண்ணாமலையில் இருக்கும் வீட்டிலேயே இருப்பேன்.

அந்த நாள் எனக்குப் பிடிக்காது. அதற்குக் காரணம் உண்டு. முந்தைய வருஷம் எனக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே என் மனைவி என் உயிருக்காக ஒன்று வேண்டிக்கொண்டாள். ஒரு வருஷத்துக்குப் பௌர்ணமிதோறும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், ஒரு வார்த்தையும் பேசாமல், மலையைச் சுற்றி வருவதாக. நடுவில் ஒரு சொல் வாயிலிருந்து வந்துவிட்டாலும் நடந்தது அத்தனையும் வீண் என்பது அவளுடைய கணக்கு. போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போடுகிறவள் வெறும் வயிற்றோடு வெயிலில் நடக்கலாமா என்று நான் எவ்வளவோ கத்தியிருக்கிறேன். வாய் மூடியிருக்கும் நாள் மாதத்தில் அது ஒன்றுதான் என்று மச்சானிடம் கிண்டலும் செய்திருக்கிறேன். ஆனால் அவள் சத்தம் இல்லாத வீட்டில் எனக்குப் பயமாக இருக்கும். அன்றைக்குக் கடைசிப் பௌர்ணமி. இதோடு முடிந்தது என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாடிக்கு ஏறி, வாரை இரண்டு சுற்றாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவர்மேல் லென்ஸை ஊன்றினேன். முதலில் மலை. எங்கோ இருந்த பாறை கண்முன் வந்து நின்றதும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பிறகு கொல்லைகளைத் தாண்டி கிரிவலப் பாதைப் பக்கம் திருப்பினேன். வெறும் கண்ணுக்கு அங்கே ஊர்ந்து போகும் ஒரு கூட்டம்தான் தெரியும். லென்ஸுக்குள் அது மூக்குத்தியும் வியர்வையும் திருநீறுமாக ஆனது. ஒவ்வொரு முகத்திலும் ஒரு சின்னப் பச்சைச் சதுரம் ஓடிப் போய்க் கண்ணில் உட்கார்ந்தது. கண் எங்கே இருக்கிறது என்று அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளுமாம். என் பிழைப்புக்கே உலை வைக்கிற சாமான் என்று நினைத்துக்கொண்டேன். முன்பின் தெரியாதவர்களை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது திருட்டுத்தனமாகவும் இருந்தது.

அப்போதுதான் என் மனைவியைப் பார்த்தேன். மஞ்சள் புடவை. புளியமரத்தடியில், பாதையோரமாக உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊர்க் கோயிலில் தொடங்கி அங்கேயே முடிப்பது அவள் வழக்கம், அதனால் கிட்டத்தட்ட வந்து சேர்ந்துவிட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். இந்தக் கேமராவில் முதல் படம் அவளுடையதாக இருக்கட்டும் என்று ஜூமை முழுக்கத் திருகினேன்.

சதுரம் அவள் முகத்தில் நிற்கவில்லை. ஒரு நொடி ஒட்டியது, விட்டுவிட்டு, பக்கத்தில் போகிற யாரோ ஒருவரின் கண்ணுக்குத் தாவியது. திரும்பக் கொண்டுவந்தேன், மறுபடியும் தாவியது. அவள் கண் மூடியிருந்தது. தலை மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது. முழங்கால்மேல் இருந்த கை நழுவி மண்ணில் விழுந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

யாராவது தட்டிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். அவளைச் சுற்றி ஊரே போய்க்கொண்டிருந்தது. கணவன் மனைவியாக வந்த இரண்டு பேர் நின்றார்கள். அப்பாடா என்றிருந்தது. அவர்கள் கை கூப்பிக் கும்பிட்டுவிட்டு நடந்தார்கள். ஒரு பெண் இரண்டு வாழைப்பழத்தை அவள் முன்னால் வைத்து, காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். ஒரு வெள்ளைக்காரர் வந்தார், சற்று நேரம் அவளையே பார்த்தார், பிறகு பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் ஊரில் மரத்தடியில் கண்ணை மூடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். நானே எத்தனை பேரை அப்படிச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்! அவளைத் தியானத்தில் இருப்பதாக நினைத்துவிட்டார்கள். அவளோ மயங்கிக்கொண்டிருக்கிறாள். நெற்றிப் பொட்டு கரைந்து மூக்கில் வழிவதுகூட எனக்குத் தெரிகிறது, என் குரல் மட்டும் அவளை எட்டாது. பதற்றத்தில் அவள் நம்பருக்குப் போன் போட்டேன். கீழே எங்கள் சமையலறையில் மணி அடித்தது.

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. கொல்லை வழியாகக் குறுக்கே ஓடலாமென்றால் மனை போட்டவர்கள் கம்பி வேலி கட்டியிருந்தார்கள். தெருவைச் சுற்றித்தான் பாதைக்கு வர முடிந்தது. வந்தால், கூட்டம் முழுக்க என்னை நோக்கி வருகிறது. கிரிவலத்தில் எதிர்த்திசையில் யாரும் வருவதில்லை.

"எதிர்ல வரக் கூடாதுங்க, திரும்புங்க" என்றார் ஒரு பெரியவர். எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. கழுத்தில் கேமரா இப்படியும் அப்படியும் ஆடி விலாவில் இடித்தது. "பிரஸ்ஸு போல இருக்கு, வழி விடுங்க" என்று யாரோ சொன்னதால்தான் கொஞ்சம் வழி கிடைத்தது. ஓடக் கூடாது என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் நான் அவளுக்கு முன்னால் போய்விடுவேனோ என்றும் தோன்றியது. போனால் அவளை எழுப்ப ஆள் இல்லையே என்பதுதான் அப்போது பெரிய பயம்.

மரத்தடிக்குப் போனபோது அவளைச் சுற்றி நாலைந்து பேர் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பூவும் பழமும் சேர்ந்திருந்தன. என் கழுத்தில் இருந்ததைப் பார்த்ததும் ஓர் அம்மாள் கையை நீட்டித் தடுத்தார்.

"தியானத்துல இருக்காங்க சார். போட்டோ எடுத்துத் தொந்தரவு பண்ணாதீங்க."

"ஐயோ, அது என் பொண்டாட்டிங்க! மயக்கம் போட்டுட்டா!" என்று அலறினேன். தோளைத் தொட்டேன். அவள் அப்படியே என்மேல் சரிந்தாள். உடம்பு ஜில்லென்று வியர்த்திருந்தது. வெள்ளைக்காரர்தான் முதலில் எழுந்து அவள் காலைத் தூக்கினார். பௌர்ணமிக்காகச் சற்றுத் தள்ளிப் போட்டிருந்த மருத்துவ முகாமுக்கு எல்லோருமாகச் சேர்ந்து தூக்கிக்கொண்டு ஓடினோம்.

முகாமில் இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "சுகர் ரொம்ப கம்மியா இருக்கு" என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அம்மா, உங்க பேர் இன்னா, சொல்லுங்க" என்றார் டாக்டர். பதில் இல்லை. மறுபடி கேட்டார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"எப்போலேர்ந்து பேச்சு வரல?"

"மௌன விரதங்க" என்றேன்.

"சார், எனக்கு அது தெரியணும். பேச மாட்டேங்கிறாங்களா, பேச முடியலையா? வாயோரம் லேசா இழுத்த மாதிரி இருக்கு. சர்க்கரை ஏறினதுக்கு அப்புறமும் இப்படி இருந்தா பக்கவாதமான்னு பார்க்கணும். உடனே வேலூருக்கு அனுப்பணும். ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க."

முகம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு இழை சாய்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். இத்தனை வருஷம் பார்த்த அந்த முகத்தில் மட்டும் எது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இழுத்திருக்கிறது என்றால் இழுத்திருக்கிறது, இல்லை என்றால் இல்லை.

"பேசு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, அதை முடிக்காமல் விட்டாள்.

"சுத்தினது போதும். ஒரு வார்த்தை பேசு. உன் பேச்சே போயிட்டா அப்புறம் நான் இன்னாத்துக்கு இருக்கணும்?" வெட்கத்தை விட்டு, அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் வந்தது. பிறகு, ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக, "இன்னும் கொஞ்ச தூரம்தாங்க இருந்துச்சு" என்றாள்.

டாக்டரம்மா மூச்சை விட்டுச் சிரித்தார். நான் அழுகையோடு சத்தமாகச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் கணக்கில் அத்தனை பௌர்ணமியும் வீணாகிவிட்டதே. ஊசி குத்தாத கையைத் தூக்கி என் நெஞ்சின்மேல் வைத்தாள். ஓடி வந்ததில் அது இன்னும் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கையை எடுக்காமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளிறிப் போயிற்று.