சங்கிலி எல்லே ஆட இறங்கிய கதை

எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பைவிட்டு வெளியேறிய சங்கிலி, மனைவி அழகம்மாவோடு உருத்திரபுரத்துக்கு வந்து தோட்டங்களிலிருந்து வந்த மற்றவர்களோடு வாய்க்கால் கரையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வயல்களில் அவனுக்குக் கூலிவேலை கிடைத்தது. பின்னேரமானால் அவன் கால்கள் தாமாகவே விளையாட்டுக் கழகத்து மைதானத்தின் பக்கம் போய்விடும்.

அங்கே எல்லே ஆடினார்கள். நீண்ட தடியால் பந்தை விளாசிவிட்டு, எதிரணியினர் பந்தை எடுத்து ஓடுபவன் மேல் எறிவதற்குள் மைதானத்தைச் சுற்றி ஓடிவர வேண்டும். தோட்டத்தில் சின்ன வயதிலிருந்தே சங்கிலி பைத்தியமாக ஆடிய ஆட்டம் அது. ஆனால் இந்த மைதானத்தில் வயற்காரர்களின் பிள்ளைகள் மட்டுந்தான் ஆடினார்கள். தோட்டத்திலிருந்து வந்த ஒருவர்கூட அதுவரை உள்ளே இறங்கியதில்லை.

ஒருநாள் அவன் துணிந்து கேட்டே விட்டான்.

"நானும் ஒரு ஆட்டம் ஆடட்டுங்களா?"

கழகத்தின் பெரிய அடிகாரன் சிவராசா சிரித்தான். "உனக்கு மண்வெட்டி பிடிக்கத்தான் தெரியும். போ, போய் வேலையைப் பார்."

சங்கிலி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு வந்தான். விஷயத்தைக் கேட்ட அழகம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவுங்க சேக்கலேன்னா ஆட்டம் மறந்தா போவும்? தடிய எடுங்க. நான் பந்து போடுறேன்."

பழைய சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றி அவளே ஒரு பந்து செய்தாள். அன்றிலிருந்து பின்னேரங்களில் அவள் போடுவாள், அவன் அடிப்பான். பந்து வாய்க்காலில் விழுந்தால், "அடிச்சவரே போயி எடுங்க!" என்று அவனைத் தண்ணீரில் இறக்கிவிடுவாள். அக்கம்பக்கத்துக் குடிசைகளெல்லாம் கூடி நின்று சிரிக்கும்.

அப்படி ஒருநாள் பறந்த பந்து, வாய்க்கால் வரம்பில் சைக்கிளில் வந்த ஒருவரின் முதுகில் பட்டது. ஆள் சைக்கிளோடு சரிந்தார். பார்த்தால் கழகத்தின் அணித்தலைவர் தில்லைநாதன்!

"ஆர் அடிச்சது?"

"இவருதாங்க," என்றாள் அழகம்மா. "மன்னிச்சுக்கங்க."

"மன்னிப்பை விடுங்கோ," என்றபடி தில்லைநாதன் எழுந்து புழுதியைத் தட்டினார். "அவ்வளவு தூரத்திலயிருந்தோ அடிச்சனீ? இன்னொருக்கா அடி, பாப்பம்."

அடுத்த தைப்பொங்கலுக்குப் புதுக்குடியிருப்பில் போட்டி. தில்லைநாதன் சங்கிலியையும் அணியில் சேர்த்துவிட்டார் என்றதும் சிவராசா கொதித்தான். "அவன் ஆடினா நான் வரமாட்டன்."

"அப்ப நீ நில்லு," என்றார் தில்லைநாதன். "உழவு மெசின் பெட்டியில ஒரு இடம் மிச்சம்."

சிவராசா வரத்தான் செய்தான். வழி முழுக்க டிராக்டர் பெட்டியின் ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தான்.

சங்கிலி அடிக்க வந்தபோது கூட்டத்தில் சிலர், "டேய், தோட்டக்காட்டான்!" என்று கத்தினார்கள். அவன் இடதுகைக்காரன். அவன் திரும்பி நின்ற விதத்தைப் பார்த்து எதிரணியினர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முட்டிக்கொண்டார்கள். முதல் பந்து தப்பியது. ஒரே கூச்சல். அடுத்த பந்தை அவன் ஆளில்லாத பக்கமாக விளாச, அது வேலியைத் தாண்டித் தென்னந்தோட்டத்தில் போய் விழுந்தது.

முன்னமே அடித்துவிட்டுப் பாதிவழித் தரிப்பில் நின்ற சிவராசா முதலில் ஓடி முடித்தான். பின்னால் சங்கிலி வந்தான். தில்லைநாதன் இரவல் கொடுத்த காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடினான். "விட்டிடாதை, பிடி, பிடி!" என்று கூட்டம் கத்தியது. பந்தையா காற்சட்டையையா என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. திட்டியவர்கள்கூட வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி கைதட்டினார்கள்.

வென்று திரும்பும்போது சிவராசா சோடாப் போத்தலை உடைத்துப் பாதி குடித்தான். மீதியைச் சங்கிலியிடம் நீட்டினான்.

"இந்தா, குடி. நான் அண்டைக்குக் கதைச்சது பிழை. அந்த இடக்கை அடியை எனக்கும் ஒருக்காக் காட்டு."

"காட்டுறேங்க. மொதல்ல இந்தக் காச்சட்டைக்கு ஒரு கயிறு தாங்க," என்றான் சங்கிலி. பெட்டியே சிரிப்பில் குலுங்கியது.

அதன்பிறகு அவன் ஆடாத போட்டியில்லை. ஒட்டுசுட்டானில் அவன் அடிக்க வந்தால் வீதியில் போகிற பஸ்ஸும் நின்று பார்த்துவிட்டுத்தான் போகும். மூக்கன், மாயாண்டி என்று வாய்க்கால் கரைப் பொடியன்கள் ஒவ்வொருவராக அணிக்குள் வந்தார்கள். எண்பத்திரண்டில் தில்லைநாதன் விலகியபோது, புதிய தலைவராகச் சங்கிலியின் பெயரைச் சொன்னவன் சிவராசாதான்.

அவன் தலைவனாக இறங்கிய முதல் ஆட்டத்துக்கு வாய்க்கால் கரைச் சனம் முழுவதும் தப்படித்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தது. அழகம்மா முன்னால் ஆடிக்கொண்டு வந்தாள். சங்கிலி ஒரு சுற்று ஓடி முடித்ததும் சனம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டது.

"எறக்கி விடுங்கப்பா!" என்று மேலிருந்து கத்தினான் சங்கிலி. "ஆட்டம் இன்னும் முடியலே!"