ஷட்டர் மூடிக்கொண்டது

தொழிற்சாலையில் அவளுக்கு 'எதை மேடம்' என்று பெயர். வேலை முடிந்ததும் கேன்டீனில் தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பாள்.

"வினைச்சொல்லுக்கு அப்புறம் 'எதை'ன்னு கேளுங்க. அவன் பெட்டியைத் தூக்கினான். எதை? பெட்டியை. பதில் வந்தா டிரான்சிட்டிவ். அவன் தூங்கினான். எதை? பதில் இல்லை. அது இன்டிரான்சிட்டிவ்."

"இருக்கேக்கா, முழு ஷிஃப்டையும் தூங்கினான்!" என்பான் அவள் தம்பி. அவன் அங்கேயே லோடர். எல்லோரும் சிரிப்பார்கள்.

பகலில் அவள் விபத்து அறிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதினாள். ஏணி சரிந்தது. பெட்டி விழுந்தது. யார் சரித்தார், யார் தள்ளினார் என்று பதினோரு வருடமாக எழுதியதில்லை. மேலாளருக்கு அதுதான் பிடிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சரக்கு வாசலின் இரும்பு ஷட்டரில் சிக்கி அவள் தம்பிக்கு மூன்று விரல்கள் போயின.

"கை இருக்கு, கை இருக்குன்னு கத்தினேன்க்கா. சூப்பர்வைசர் பட்டனை அமுக்கிட்டாரு" என்றான் ஆஸ்பத்திரியில். அவளுக்கு அழுகை வரவில்லை. போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

மறுநாள் மேலாளர் அவள் மேசைக்கு வந்தார். "எப்பவும்போல ரெண்டு வரி போதும்மா. 'தி ஷட்டர் குளோஸ்டு'."

தமிழில் மூடிக்கொண்டது வேறு, மூடினார் வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். மூடிய ஆளைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். சொன்னபடியே அடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். ஷட்டரை வாக்கியத்தின் கடைசிக்கு நகர்த்திவிட்டு, முன்னால் சூப்பர்வைசரைப் போட்டாள்.

"என்னம்மா இது?"

"ரெண்டுமே இலக்கணப்படி சரிதான் சார்."

"அப்ப முதல்ல இருந்ததையே போடுங்க."

"நடந்தது இதுதான் சார்."

ஒரு நகலைத் தொழிலாளர் ஆய்வாளருக்கும் அனுப்பினாள். விசாரணை நடந்தது. சூப்பர்வைசரின் வேலை போனது. தம்பிக்கு வாசலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. அவளைக் கிடங்குக்கு மாற்றினார்கள். எங்கே மாற்றினாலும் அவளுக்கு ஒன்றுதான்.

ஒரு நாள் அங்கே கையுறை வாங்க வந்த தொழிலாளி ஒருவர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்.

"என் அறிக்கையும் நீங்க எழுதினதுதானேம்மா? என்னன்னு எழுதினீங்க?"

"டிரம் உருண்டதுன்னு."

"உருளலம்மா. உருட்டிவிட்டாங்க."

"தெரியும்ணே."

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். அளவு பார்த்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.