அழுதால் எரியும் விளக்கு

போன மாதம் என் அம்மா திருச்சியிலிருந்து கொழும்புக்கு வந்திருந்தார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு குடும்பப் பஞ்சாயத்தில் உட்கார வேண்டியதாகிவிட்டது. எங்கள் குடும்பம் அல்ல... அவருக்கு முன்பின் தெரியாத குடும்பம்.

என் கணவரின் வேலை மாற்றலால் வெள்ளவத்தைக்குக் குடிவந்ததும், சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் காது கேளாத பெண்களின் சங்கம் ஒன்றில் தொண்டு செய்வதும் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். தொண்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி, பேங்க், ஸ்கூல் என்று துணைக்குப் போவேன். அவர்கள் சைகையில் சொல்வதை வாயால் சொல்வேன். என் சைகை இன்னும் மழலைதான். நான் ‘நாளைக்கு’ என்று காட்டினால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள்.

அந்தச் சங்கத்தில் வசந்தி என்று ஒரு பெண். அவளுக்கும் காது கேட்காது, கணவன் ஜெயந்தனுக்கும் கேட்காது. அண்மையில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றுதான் பிரச்சினை ஆரம்பித்தது.

கேட்டால் சந்தோஷம்தானே?

ஜெயந்தனின் அம்மா பரமேஸ்வரி, வத்தளையில் மூத்த மகனோடு இருக்கிறார். “பிள்ளையை நான் கொண்டுபோய் வளர்க்கிறன். பள்ளிக்கூடம் போற வயசில தாறன்” என்று சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவு தெரிய வேண்டும். வசந்தி வீடியோ காலில் வந்தாள். ‘நீ கட்டாயம் வா. நான் சொல்வதை அப்படியே சொல். குறைக்காதே’ என்று காட்டினாள்.

அம்மாவைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டுப் போவது எப்படி? அவரையும் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டேன். வழியில் விஷயத்தைச் சொன்னதும், “அந்தம்மா சொல்றதுல என்னடி தப்பு? ராத்திரி குழந்தை வீல்னு கத்தினா யாரு எழுந்திருப்பா?” என்றார்.

“அங்க வந்து இதைச் சொல்லிடாதம்மா.”

“நான் எதுக்குப் பேசப்போறேன்?”

அம்மா பேசாமல் இருந்த இடம் என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

கொட்டாஞ்சேனையிலேயே ஒரு சின்ன வீடு. பரமேஸ்வரியும் மூத்த மகனும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். உள் அறையில் குழந்தை தூங்கியது. கொசு வராமல் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

“நான் பிள்ளையைப் பறிக்க வரேல்ல, தங்கச்சி” என்றார் பரமேஸ்வரி, என்னைப் பார்த்து. “காது கேக்காத ஒரு பிள்ளையை வளர்த்தவள் நான். இவன் ரோட்டில நிக்கேக்க பின்னால லொறி வந்தால் என்ர நெஞ்சு நிண்டு போகும். இந்தக் குஞ்சுக்கு ஆர் கதைச்சுக் காட்டுறது? ராத்திரி அழுதால் ஆருக்குக் கேக்கும்?”

வில்லி மாதிரி ஒருவரை எதிர்பார்த்துப் போயிருந்தேன். இது பயந்துபோன ஒரு தாயின் குரல். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மருமகளைப் பற்றிய பேச்சில் அவர் ஒரு தடவைகூட மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. மகனையும்தான்.

நான் சைகையில் சொன்னேன். ஜெயந்தன் தலையைக் குனிந்துகொண்டான். காது கேளாதவர் தலையைக் குனிந்தால் என்ன அர்த்தம் தெரியுமா? நாம் காதைப் பொத்திக்கொள்வது மாதிரி. வசந்தி அவன் தோளைத் தட்டினாள். அவன் நிமிரவில்லை.

அந்த இறுக்கத்தைக் கலைக்க அம்மா வாயைத் திறந்தார். “இவளுக்குச் சின்ன வயசுல எப்ப பார்த்தாலும் காய்ச்சல் வரும்...” அவ்வளவுதான். பரமேஸ்வரி பிடித்துக்கொண்டார். காய்ச்சலிலிருந்து கிரைப் வாட்டர், அதிலிருந்து விமான டிக்கெட் விலை... மூத்த மகனும் சேர்ந்துகொண்டார். நானும்தான். பக்கத்து வீட்டு டிவி வேறு அலறிக்கொண்டிருந்தது.

வசந்தி சட்டென்று எழுந்து உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் கதவைத் திறந்ததும்தான் எங்களுக்குக் கேட்டது. குழந்தை முகமெல்லாம் சிவந்து அழுதுகொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேலே சுவரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

ஜெயந்தன் இப்போது நிமிர்ந்து, சைகையில் விளக்கினான். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மைக் வைத்திருக்கிறானாம். குழந்தை அழுதால் இங்கே ஒரு விளக்கு, அவர்கள் தலையணைக்கு அருகே ஒரு விளக்கு. அந்த வாரம்தான் மாட்டியிருக்கிறான். புறக்கோட்டையில் மின்சாமான் கடையில் வேலை செய்கிறவன்.

காது கேட்கிற நாலு பேரும் அண்ணாந்து அந்த விளக்கைப் பார்த்தோம்.

“எனக்குக் கேக்கேல்லையே...” என்றார் பரமேஸ்வரி, மெதுவாக.

“எனக்கும் கேக்கலக்கா. நாமதான் பேசிட்டே இருந்தோமே” என்றார் அம்மா.

அழுகை அடங்கியதும் வசந்தி குழந்தையை மாமியாரின் மடியில் வைத்தாள். அவளுக்குப் பேச இரண்டு கையும் வேண்டும்.

‘ராத்திரி எழுந்திருக்க எனக்குத் தெரியும். வாயால் பேசக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரியாது. அது உங்களிடம் இருக்கிறது. பிள்ளையை அங்கே கொண்டுபோக வேண்டாம். நீங்கள் இங்கே வாருங்கள்.’

கொஞ்சம் நிறுத்தி, இன்னொன்றும் காட்டினாள். ‘என்னோடும் நேராகப் பேசுங்கள்.’

கடைசி வரியை விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பெரியவர் மனம் புண்படுமே? ஆனால் குறைக்காதே என்று சொல்லியிருக்கிறாளே. சொல்லிவிட்டேன்.

பரமேஸ்வரி மடியில் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: “‘வாறன்’ எண்டு எப்பிடிக் காட்டுறது, தங்கச்சி?”

காட்டினேன். அவர் அதை என்னைப் பார்த்துச் செய்தார்.

“இவகிட்ட இல்லக்கா, அவகிட்ட” என்றார் அம்மா.

பரமேஸ்வரி திரும்பி, மருமகளைப் பார்த்துச் செய்தார். கை தப்பாகத்தான் போனது. வசந்தி சிரித்துக்கொண்டே அந்தக் கையைப் பிடித்துத் திருத்தினாள். ஜெயந்தன் தன் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பிறந்ததிலிருந்து அந்தக் கை அவனோடு பேசியதில்லை.

இப்போது பரமேஸ்வரி வாரநாட்களில் வத்தளையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுகிறார். நாள் முழுக்கப் பேத்தியோடு கதை. மருமகளோடு கை. சண்டையும் கையிலேயே நடக்கிறதாம். நல்ல முன்னேற்றம் இல்லையா?

அம்மாவும் திருச்சிக்குத் திரும்புவதற்குள் கொட்டாஞ்சேனைக்கு நாலைந்து தரம் போய்க் கொஞ்சம் சைகையும் பழகிவிட்டார். இப்போது அங்கிருந்து வசந்திக்கு நேராக வீடியோ கால் செய்கிறார். நடுவில் நான் தேவைப்படுவதில்லை. அப்படி என்னதான் பேசிக்கொள்கிறீர்கள் என்று வசந்தியிடம் கேட்டேன்.

பெரும்பாலும் என்னைப் பற்றித்தானாம்!