திருகக் கூடாத ஆணி

மதனின் இரண்டு விரல்கள் பெடல் கம்பியை இழுத்து விட்டன. கம்பி முழுதாகத் தளர்ந்த பிறகும், பெடல் லேசாக மிதிபட்டிருப்பதாகவே மடிக்கணினி காட்டியது. வேனுக்குள் குளிர்பெட்டி ஓடத் தொடங்கியதும் எஞ்சின் திணறி அணைந்தது.

மதன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிப் பட்டறையில் தொழில் பழகி, எஞ்சின் கம்ப்யூட்டர் வேலையைத் தானாகவே கற்றுக்கொண்டவர். நாமக்கல் பண்ணைகளுக்குக் கோழித் தடுப்பூசி கொண்டுபோகும் உஷாராணியின் பழைய வேனுக்குப் புதுக் கம்ப்யூட்டர் பெட்டி போட்டவர் அவர்தான். போகிற இடத்திலெல்லாம் எஞ்சின் இப்படி அணைந்தால், குளிர் போய் மருந்து வீணாகிவிடும்.

"ஏனுங்கக்கா, கம்பி முடியற எடத்துல இருக்கற இந்த ஆணியை யாராச்சும் திருகுனீங்களா?"

"நாந்தானுங்க. ரேஸ் கம்மியா இருந்துச்சு, ஏத்தி வெச்சேன். எங்க ஊட்டு லாரிக்கெல்லாம் அப்படித்தான்."

"லாரிக்குச் சரிங்க. இந்தக் கம்ப்யூட்டர், நீங்க பெடல்ல கால் வெச்சிருக்கீங்க, எஞ்சின் அணையாம நீங்களே பாத்துக்குவீங்கன்னு நம்பிச் சும்மா இருந்துக்குது."

"என்னைய நம்புற ஒரே ஆளு இதுதான் போல!"

மதன் ஆணியை இறக்கினார். பெடல் மூடிய நிலை எது என்று பெட்டிக்கு மறுபடி பதிவு செய்தார். குளிர்பெட்டி ஓடும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று போகும்படி அமைத்தார். வண்டியைக் கிளப்பிக் குளிர்பெட்டியைப் போட்டதும், எஞ்சின் சத்தம் தாழ்ந்து, எழுந்து, சீரானது. அதோடு விடாமல், எஞ்சினை அணைத்து, அது நன்றாக ஆறும்வரை காத்திருந்து மறுபடி கிளப்பினார். அப்போதும் அணையவில்லை.

ஆணியின் தலையில் சிவப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைத்தார்.

"பொட்டு கலைஞ்சிருந்தா கண்டுபுடிச்சுருவேனுங்க."

"கை வெக்கமாட்டேன் சாமி. விடிஞ்சதும் பண்ணைக்குப் போகோணும்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த வேனின் கதவைத் திறந்துவிட்டு, மதன் விலகி நின்றார். உஷாராணி ஏறி உட்கார்ந்தார்.