வீட்டுக்காரர் விட்டுப்போன கால் ஆர்மோனியம்

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஒரு கால் ஆர்மோனியம் இருந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். திருச்சியில் மகனோடு இருக்கப் போனபோது, பீரோ கனம் கனத்த அதைத் தூக்க ஆளில்லாமல் கூடத்து மூலையில், சுவரில் ஒட்டாமல் குறுக்காகவே விட்டுவிட்டார். கீழே இருக்கும் இரண்டு கட்டைகளை மாறி மாறி மிதித்தால்தான் காற்று ஏறி ஒலி வரும். எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. மேலே ரேடியோவும் மடித்த துணிகளும் வைத்திருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கணவர் சிமெண்ட் ஆலைக்கு ஷிப்டுக்குப் போயிருந்தார். மாவாட்டிவிட்டு நிமிர்ந்தால் நாலு வயது மகளைக் காணவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. தெருவில் இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறு.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. நான் அலறியதில் பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டர் ஓடிவந்து சட்டையோடு குதித்தார். மூன்று முறை மூழ்கி எழுந்தார். ஒவ்வொரு முறையும் அவர் கைகளைத்தான் பார்த்தேன்.

"அடியில சேறுதாங்க இருக்கு. வூட்டுக்குள்ள இன்னொருவாட்டி பாருங்க," என்றார்.

கட்டிலடி, கதவிடுக்கு எல்லாம் மறுபடி பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். ஆர்மோனியத்தின் முன்னால் கிடந்த ஸ்டூலில் விழுந்தாற்போல் உட்கார்ந்தேன். பாதம் மிதிகட்டையில் பட்டது. அது பாதிக்கு மேல் இறங்கவில்லை. உள்ளே ஏதோ மெத்தென்று தடுத்தது. பிறகு ஒரு விசும்பல்.

கண்டக்டரும் நானும் பெட்டியை முன்னால் இழுத்தோம். பின்பலகையில் ஒரு பக்கம் கரையான் அரித்து உதிர்ந்திருந்தது. பூனைக்குட்டி ஒன்றைப் பிடிக்க அந்த ஓட்டை வழியாக நுழைந்தவள், தோல் துருத்திக்கும் பலகைக்கும் நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வேர்வையும் தூசியும். நான் மிதித்தபோது துருத்தி அழுத்திய தோள் சிவந்திருந்தது.

"எத்தன தடவ கூப்பிட்டேன், ஏன் பேசல?"

"நீ கத்துன. வெளிய வந்தா அடிப்பியோன்னு பயந்துட்டேன்."

அவளை அணைத்துக்கொண்டேன். அவள் கிணற்றுக்குள் கிடக்கிறாள் என்று நான் நினைத்த அத்தனை நேரமும், வீட்டுக்குள்ளிருந்தே என் அலறலைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

சாயங்காலம் கணவர் பின்பலகைக்குத் தகரம் வைத்து ஆணி அடித்தார். கிணற்றைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டினார். முடித்துவிட்டு, இப்போது பயம் போயிற்றா என்று கேட்டார். போகவில்லை. வெகுநாள்வரை, அவள் கண்ணில் படாத நேரம் கூப்பிட வாயெடுத்தால் என் குரல் எனக்கே பயமாக இருக்கும்.