கரைக்குப் பின்னால் எழுந்த புகை

பலவேசம் எங்கள் குளத்து நீர்ப்பாய்ச்சி. மடை திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதும் அவர் பொறுப்பு. சென்ற வாரம் செங்கோட்டையில் இறந்துபோனார்.

முப்பத்தாறாம் வருஷம் ஆனியில், குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்தவர்களை ஏற்றிப் பறக்க ஒரு சின்ன விமானம் வருவதாக இருந்தது. வற்றிக் கிடந்த எங்கள் குளம்தான் இறங்குமிடம். வரவேற்பு வேலை என்னுடையது, அப்போதுதான் பி.ஏ. முடித்திருந்தேன். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். விமானி மேலிருந்து திசையை அறிவதற்காகப் பச்சைத் தழையைக் கொளுத்திப் புகை காட்டச் சொல்லியிருந்தார்கள். பலவேசம் குளத்துக்குள்ளே கொளுத்தினார். மேற்கிலிருந்து அடித்த மேல்காற்று புகையை அள்ளிக்கொண்டுபோய், கிழக்கே கரைமேல் பந்தலில் இருந்த பெரிய மனிதர்கள் முகத்தில் அடித்தது. தீயைக் கரைக்குப் பின்னால் மாற்றச் சொன்னேன்.

"வேண்டாம் சின்னய்யா. கரைக்கு அங்கிட்டு காத்து சுத்தும். பொகை திரும்பி மேக்கதான் சாயும்" என்றார்.

காற்றைப் பற்றி நீ எனக்குப் பாடம் சொல்கிறாயா என்று கேட்டேன். மாற்றினார்.

மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. விமானி அவசரப்பட்டார். ஒரே ஒரு வட்டம். புகை மேற்கே சாய்வதைக் கண்டு, கிழக்கிலிருந்து வரும் கீழ்காற்று என்று நினைத்து, கிழக்குப் பார்த்து இறங்கினார். பின்னாலிருந்து காற்று தள்ள, விமானம் நிற்காமல் ஓடிக் கரையில் மோதியது. மறுநாள் விமானி இறந்தார்.

விசாரணையில், தீயை அங்கே போட்டது யார் என்று கேட்டார்கள். தான்தான் என்றார் பலவேசம். யார் சொல்லி என்று கேட்டபோது என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த விருந்தாளிகள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானாத்தான் போட்டேன்" என்றார்.

என் அப்பா தலைமையில், குளத்துப் பாசனத்தில் வயல் வைத்திருந்த ஆயக்கட்டுக்காரர்கள் கூடி, மடை வேலையை அவரிடமிருந்து பிடுங்கினார்கள். பத்து வருஷம் செங்கோட்டை ஸ்டேஷனில் சரக்கு ரயிலுக்கு மரம் ஏற்றும் கூலியாக இருந்தார். அந்த ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்க ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்துவிடுவேன்.

துக்க வீட்டில், எல்லோர் முன்னாலும், அவர் மனைவி உலகம்மாளிடம் சொன்னேன்: தீயை மாற்றச் சொன்னது நான், அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

உலகம்மாள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும். போயி மடையத் திருப்பிக் கேளுங்கன்னு எத்தன தடவ சொல்லிருப்பேன். சின்னய்யா தானாச் சொல்லுவாக, பொறுத்திருன்னுட்டாக."

பிறகு, என்னைப் பார்க்காமலே, "அவுக இருக்கையில வந்திருக்கலாம்" என்றார்.