எப்படிப் பாடக்கூடாது

என் கச்சேரி வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருபது வருடம் டிசம்பர் சீசனில் மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பாடினேன். டிக்கெட் கிடையாது. அந்த நேரத்துக்கு வருகிறவர்கள் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு ஏசியில் கண்ணயர இடம் தேடி வருகிறவர்கள். ஒருமுறை முன்வரிசையில் ஒருவர் விட்ட குறட்டை என் சுருதியோடு சேர்ந்திருக்கிறது என்று மிருதங்கக்காரர் சைகையில் காட்டினார். சாயங்காலம் ஆறு மணிக்கு, காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குப் பாடுவது எனக்கு வாய்க்கவே இல்லை. என்னைவிட மட்டமாகப் பாடினவர்களுக்கு வாய்த்தது. என்னைவிட நன்றாகப் பாடினவர்களுக்கும் வாய்த்தது. இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

நாற்பத்தெட்டு வயதில் மேல் ஸ்தாயி போயிற்று. குரோம்பேட்டை டாக்டர் தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு என்றார். பேச்சைக் குறைக்கச் சொன்னார். என் கணவர் அவருக்கு இரண்டு முறை நன்றி சொன்னார்.

பாட முடியாதவள் என்ன செய்வாள்? ஆராய்ச்சி செய்வாள். நான் பதங்களை எடுத்துக்கொண்டேன். பதம் என்பது நிதானமாகப் பாடும் காதல் பாட்டு. தலைவி தோழியிடம் தலைவனைத் திட்டுவாள், அல்லது அவனுக்காக ஏங்குவாள், பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே செய்வாள். தலைவியின் பொறாமை எத்தனை வகை என்று முந்நூறு பக்கம் எழுதி டாக்டர் பட்டமும் வாங்கினேன்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடியில் வகுப்பு நடத்தினேன். வந்ததில் பாதி, அபார்ட்மென்ட் நவராத்திரிக்கு ஒரு பாட்டு தேவைப்பட்ட குழந்தைகள். ஒரு அம்மா, "மாமி, இந்த கமகமெல்லாம் வேண்டாம், பாட்டு மட்டும் சொல்லிக் குடுத்தாப் போறும்" என்றாள். அப்படியே செய்தேன். அந்தக் குழந்தை நவராத்திரியில் முதல் பரிசு வாங்கிற்று.

நான் சொல்ல வந்த பெண் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. இருபத்தாறு வயதில் தானாக வந்து சேர்ந்தாள். வீடு அனகாபுத்தூரில், வேலை சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மற்ற எல்லோரும் என்னை மாமி என்று கூப்பிட்டார்கள், அவள் மட்டும் மேடம் என்றாள். மாமி என்றே கூப்பிடேன் என்று நான் சொல்லவில்லை. கூப்பிடலாமா என்று அவளும் கேட்கவில்லை. காரணம் இரண்டு பேருக்கும் தெரியும்.

என் தொண்டை போன பிறகு அவள்தான் என் தொண்டை. லெக்சர் டெமான்ஸ்ட்ரேஷனுக்குப் போனால் நான் மைக்கில் பேசுவேன், அவள் என் பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி உட்கார்ந்து உதாரணங்களைப் பாடிக் காட்டுவாள். சால்வை எனக்கு வரும். அவளுக்குக் காபி வரும். பத்து வருடம் இப்படிப் போயிற்று, அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு வியாழக்கிழமை அவளை ஒரு பதத்தைச் சாதகம் செய்யச் சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனேன். இனி அவன் பேச்சை என்னிடம் எடுக்காதே என்று தலைவி தோழியிடம் சொல்லும் பதம் அது. அந்த இடம் மேலே ஏறும். என் குரு ஏற்றினார், நான் ஏற்றினேன், அவளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். கோபம் அல்லவா, மேலேதானே போக வேண்டும்? அவள் கீழே போனாள். கீழ் ஸ்வரத்தில் இறங்கி, அசையாமல் நின்று, அந்த வரியைச் சொல்லி முடித்தாள். கையில் டபராவோடு நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். முப்பது வருடம் பாடி, முந்நூறு பக்கம் எழுதிய எனக்கு அந்த வரி அன்றைக்குத்தான் புரிந்தது. வயிறு எரிந்தது. மரியாதையாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

"யார் சொல்லிக் குடுத்தா?" என்று வந்து கேட்டேன்.

"யாரும் இல்ல மேடம். எங்க அக்கா அதும் வூட்டுக்காரரு மேல கோவம் வந்தா கத்தாது. கொரலு கீழ எறங்கிடும். அப்பதான் எங்களுக்கெல்லாம் பயமா இருக்கும். அத நெனச்சிகினே பாடினேன், தானா வந்துச்சு."

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். என்னிடம் பாடாந்தரம் இருந்தது. குரு பாடியபடியே சிஷ்யை பாட வேண்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. "நன்னாத்தான் இருக்கு. ஆனா பாடாந்தரத்துல இல்லையே" என்றேன். அவள் உடனே மேலே ஏற்றிப் பாடினாள்.

அடுத்த மாதம் எங்கள் பக்கத்துச் சபாவின் செக்ரட்டரி போன் செய்தார். பேங்கில் ரிடையர் ஆன மனிதர். "மாமி, உங்களோட பாடற பொண்ணுக்கு இந்த சீசன்ல தனியா ஒரு கச்சேரி குடுக்கலாம்னு பாக்கறேன். சாயங்கால ஸ்லாட். ஞாயித்துக்கிழமை உங்க லெக்-டெம்ல ஒருதரம் கேட்டுட்டு முடிவு பண்றேன்." அவளிடமும் சொல்லியிருந்தார். "இது மட்டும் கெடச்சா ஸ்கூல் வேலைய வுட்டுட்டு முழுசா பாடலாம்னு இருக்கேன் மேடம். வூட்ல ஒத்துகினாங்க" என்றாள். சாயங்கால ஸ்லாட் என்று அவர் சொன்னதைத் தவிர வேறெதுவும் எனக்குக் காதில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மினி ஹால். ஐம்பது பேர் இருக்கும். செக்ரட்டரி இரண்டாம் வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பதம் வந்தது. முதலில் பாடாந்தரப்படி பாடச் சொன்னேன், பாடினாள். பிறகு மைக்கை மூடிக்கொண்டு, "அன்னிக்கு நான் காபி போடறச்சே பாடினியே, அதைப் பாடு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. மேடம் நம் பாட்டை ஊருக்குக் காட்டப் போகிறாள் என்று நினைத்துவிட்டாள், பாவம். பாடினாள். கீழே இறங்கி அந்த வரியில் நின்றபோது, வாட்ஸ்ஆப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் போனைக் கவிழ்த்து வைத்தார். செக்ரட்டரி குனிந்து எதையோ எழுதத் தொடங்கினார். கைதட்டல் வருவதற்கு முன் நான் மைக்கை எடுத்தேன்.

"இதை ஏன் பாடச் சொன்னேன் தெரியுமோ? எப்படிப் பாடக்கூடாதுன்னு உங்களுக்குக் காட்டத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். கண் கலங்கியிருந்தவர்கள் அதிகமாகச் சிரித்தார்கள், ஏமாந்துவிட்டோமே என்று. அவள் என்னைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு தானும் சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

வெளியே செருப்பு மாட்டும்போது செக்ரட்டரி, "நல்லவேளை சொன்னேள் மாமி. நான் அதைத்தான் பிரமாதம்னு நினைச்சேன்" என்றார். பத்து நாள் கழித்து அந்த ஸ்லாட்டை எனக்கே கொடுத்தார். அறுபது வயதில், மேல் ஸ்தாயி இல்லாமல், சாயங்காலம் ஆறு மணிக்குப் பாடினேன். பின்னால் உட்கார்ந்து அவள் பாடினாள். நான் ஏற முடியாத இடங்களில் அவள் ஏறினாள், கைதட்டல் எனக்கு விழுந்தது.

அவள் பள்ளிக்கூட வேலையை விடவில்லை. தனியாகப் பாடும் பேச்சையும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துச் சிட்லபாக்கத்துக்குக் குடிபோனாள். அங்கே சனி ஞாயிறு வகுப்பு எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். போன மாதம் போன் செய்து, ஒருதரம் வந்து பெண்களை ஆசீர்வதிக்க வேண்டும் என்றாள். ஆட்டோ பிடித்துப் போனேன்.

ஆறு பெண்கள், எல்லாம் காலேஜ் படிக்கிற வயசு. என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அந்தப் பதத்தைப் பாட வைத்தாள். எல்லோரும் என் பாடாந்தரப்படியே, துளி பிசகாமல், மேலே ஏற்றிப் பாடினார்கள். எனக்கு அலுப்பாக இருந்தது.

"இப்ப எப்படிப் பாடக்கூடாதுன்னு பாடிக் காட்டறேன், கேளுங்க" என்றாள் அவள். "இது மேடம் எனக்குக் காட்டிக் குடுத்த தப்பு."

பாடினாள். கேலியாகப் பாடவில்லை. கீழே இறங்கி, அதே இடத்தில், அன்றைக்கு நின்றதைவிடத் திடமாக நின்றாள். பெண்கள் பழக்கப்பட்டவர்களாக, அந்த வரி வந்ததும் சிரித்தார்கள். அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். குத்திக்காட்டல் எதுவும் இல்லை. நான் அன்றைக்குச் சொன்னதை அவள் நம்பியிருந்தாள். பழிவாங்கியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சரியா மேடம்?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வராது. சொன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சொல்ல வேண்டும், செக்ரட்டரியையும் சொல்ல வேண்டும். ஆறு பெண்களும் நோட்டும் கையுமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அதை இன்னொரு முறை கேட்க வேண்டும் போல இருந்தது, அது ஒன்றுதான் வேண்டும் போல இருந்தது.

"கீழ இன்னும் கொஞ்சம் நின்னு பாடு" என்றேன். "அப்பத்தான் தப்பு நன்னாத் தெரியும்."

அவள் தலையாட்டிவிட்டு மறுபடி பாடினாள். பெண்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.